ஜெர்மனி வேலைக்கு நாலரை லட்சம் கொடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜி.என்.எம். முடித்துவிட்டு வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான்கு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனியில் நர்ஸ் வேலை வாங்கித் தர காட்பாடியில் ஒருவர் நாலரை லட்சம் கேட்கிறார். பாஷையெல்லாம் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம், ஆறு மாதத்தில் ஃப்ளைட் ஏறிவிடலாம் என்கிறார். அப்பா நகையை அடகு வைக்கிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கொடுக்காதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும், அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

பாஷை தெரியாமல் ஜெர்மனியில் நர்ஸ் ஆக முடியாது, அவர் சொல்வது அங்கேயே தப்பாகிவிடுகிறது. நம் நர்சிங் கவுன்சில் பதிவு மட்டும் அங்கே செல்லாது. நீங்கள் போகிற ஜெர்மன் மாநிலத்தின் அதிகாரிகள் உங்கள் பாடத்திட்டம், வார்டில் பயிற்சி எடுத்த மணிக்கணக்கு எல்லாவற்றையும் தங்கள் ஊர் படிப்போடு வைத்துப் பார்த்து, எது எது குறைகிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் குறையை அங்கே ஒரு பயிற்சியிலோ தேர்விலோ ஈடுகட்ட வேண்டும், அதுவரை உதவியாளர் சம்பளம்தான். முழு நர்ஸ் என்ற சான்றிதழ் கைக்கு வர பி2 அளவு ஜெர்மன் வேண்டும் (மொழித் தேர்வில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படி, பி2 நான்காவது). இங்கிருந்து கிளம்பவே பெரும்பாலும் பி1 கேட்கிறார்கள், பி2 முடித்தவர்களை மட்டுமே எடுக்கிற மருத்துவமனைகளும் உண்டு. இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே அந்த அளவுக்குப் படிக்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். ஆறு மாதம் என்பது நடக்காத காரியம்.

என் அக்கா மகள் சத்துவாச்சாரியிலிருந்து இப்படிப் போனவள்தான். முதலில் ஓர் ஏஜென்டிடம் இரண்டு லட்சம் கட்டினாள், பதினான்கு மாதம் இழுத்தடித்துவிட்டுப் பாதிப் பணத்தைத்தான் திருப்பிக் கொடுத்தார். அக்கா அழுத அழுகையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அப்புறம் அவளே டியூட்டி முடிந்து வந்து தூங்கி எழுந்து ஃபோனில் வகுப்பு கேட்டுப் படித்தாள், சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்ற ஜெர்மன் மொழி மையத்தில் தேர்வு எழுதினாள். பேச்சுத் தேர்வில் முதல் தடவை ஃபெயில். ஆனால் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு என்று நான்கும் தனித்தனிப் பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தால் போதும், விட்டதை மட்டும் மறுபடி எழுதலாம் என்பதால் தப்பித்தாள். இதை உங்கள் ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையும் நம் ஊர் மாதிரி இருக்காது. இங்கே நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது எல்லாம் அட்டெண்டரும் வீட்டு ஆட்களும் பார்ப்பார்கள். அங்கே அது நர்ஸின் வேலை, அதே சமயம் பல இடங்களில் ட்ரிப் ஊசி போடுவது டாக்டரின் வேலை. நான்கு வருடம் ஐ.சி.யூ. பார்த்த என் அக்கா மகளுக்கு இது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, முதல் மூன்று மாதம் தினமும் ஃபோனில் புலம்புவாள். சம்பளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதியோர் பராமரிப்பு இல்லங்களில் அங்கீகாரம் பெற்ற நர்ஸுக்கு 2025 ஜூலையில் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 20.50 யூரோவாக இருந்தது. தனி ஆளாக இருந்தால் அதில் வரியும் காப்பீடுமாக மூன்றில் ஒரு பங்கு போய்விடும், வாடகை அதற்குப் பிறகு.

அடுத்தது பணம். ஒழுங்கான ஆள்சேர்ப்பில் செலவு மருத்துவமனையுடையது, நர்ஸிடம் வாங்கக் கூடாது. அப்படி நடந்துகொள்கிற நிறுவனங்களுக்கு ஜெர்மனியில் அரசு முத்திரையே இருக்கிறது. நம் நாட்டிலும் 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், உங்களிடம் கேட்பது அதைப் போல பதினைந்து மடங்கு. அவருடைய பதிவு எண்ணைக் கேளுங்கள், மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே பதிவு செய்யுங்கள். கையில் இருக்கிற பணத்தை மொழி வகுப்புக்கும், தேர்வுக் கட்டணத்துக்கும், சான்றிதழ் மொழிபெயர்ப்புக்கும் செலவு பண்ணுங்கள். ஒப்பந்தம் வந்தால், இத்தனை வருடத்துக்குள் வேலையை விட்டால் இவ்வளவு திருப்பிக் கட்டணும் என்று ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ, வயது 31, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஆறு வருட அனுபவம். ஆஃபர் இல்லாமலேயே ஜெர்மனி போய் வேலை தேடலாம் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: உண்மைதான் தம்பி. 2024 ஜூன் 1 முதல் 'சான்சன்கார்டே' என்ற வாய்ப்பு அட்டை இருக்கிறது. உங்கள் டிப்ளமோ இந்தியாவில் அரசு அங்கீகாரம் பெற்றது என்று ஜெர்மன் அதிகாரிகளிடம் சான்று வாங்கிவிட்டு, 6 புள்ளி சேர்க்க வேண்டும். படித்த துறையிலேயே கடந்த ஏழு வருடத்தில் ஐந்து வருட அனுபவம் இருந்தால் 3, வயது 35 தாண்டாததால் 2, ஏ2 ஜெர்மன் முடித்தால் 1. சரி, கணக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒரு வருடச் செலவுக்குப் பணம் காட்டணும். 2025 கணக்கில் மாதம் 1,091 யூரோ, வருடத்துக்கு 13,092. நம் பணத்தில் பதிமூன்று லட்சத்துக்கு மேல். அது உங்கள் பெயரில்தான் இருக்கும், மாதாமாதம் எடுத்துச் செலவு செய்யலாம், வேலை தேடும்போது வாரம் 20 மணி நேரம் பகுதிநேர வேலையும் பார்க்கலாம். இருந்தாலும் இந்தத் தொகையை வட்டிக்கு வாங்கிப் போகாதீர்கள். அங்கே தொழிற்சாலைக்குள் பேச்செல்லாம் ஜெர்மனில்தான், ஏ2 வைத்துக்கொண்டு ஃபோர்மேன் சொல்வது பாதிதான் புரியும், வருடம் ஓடிவிடும். பி1 வரை இங்கேயே முடியுங்கள், இங்கிருந்தே கம்பெனிகளுக்கு எழுதுங்கள். ஆஃபர் கிடைத்துச் சம்பளமும் தகுதியும் பொருந்தினால் நேராக வேலை விசாவுக்கே போடலாம், இந்தப் பதிமூன்று லட்சம் தேவையில்லை.

கேள்வி: ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை. டூரிஸ்ட் விசாவில் ஐரோப்பா போய், வேலை கிடைத்ததும் விசாவை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி ஒருவர் எழுபதாயிரம் முன்பணமும் பாஸ்போர்ட்டும் வாங்கி வைத்திருக்கிறார். நம்பலாமா?
– ஒரு வாசகர், வாணியம்பாடி

பதில்: வேண்டாம். ஷெங்கன் என்பது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா; அந்த டூரிஸ்ட் விசாவில் 180 நாளில் 90 நாள் இருக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள், மறுபடி உள்ளே வரத் தடையும் போடுவார்கள். இன்றைக்கே போய்ப் பாஸ்போர்ட்டைக் கேளுங்கள், இன்னொருவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை கிடையாது. ரசீது, ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். தர மறுத்தால் திருப்பத்தூர் எஸ்.பி. அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், அதன் நகலைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள்.