வாசகர் கேள்வி: மனசை அளக்க ஒரு ஸ்கேல்

கேள்வி: ஏனுங்க, மனசு கண்ணுக்கே தெரியறதில்லை. அதை ஆராயறது எப்படிங்க அறிவியல் ஆகும்?
– கல்லூரி மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மனம் தெரியாது, அது எடுத்துக்கொள்ளும் நேரம் தெரியும். நெதர்லாந்தின் மருத்துவ அறிஞர் டோண்டர்ஸ் 1868இல் அதைத்தான் அளந்தார். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வில்ஹெல்ம் வுண்ட் தொடங்கிய உளவியல் ஆய்வுக்கூடத்திலும் இந்த அளவைக்குப் பெரிய இடம் இருந்தது.

நீங்களே செய்து பாருங்கள். தங்கை முன்கையை மேசைமேல் வைத்து, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் 2 செ.மீ. விலக்கி வைக்கட்டும். 30 செ.மீ. ஸ்கேலின் பூஜ்ஜியம் விரல்களுக்கு நடுவே வரும்படி மேலே பிடித்து, சொல்லாமல் விடுங்கள். ஸ்கேல் விழுந்த தூரம்தான் தங்கை எடுத்துக்கொண்ட நேரத்தைச் சொல்லும்: 15 செ.மீ.யில் பிடித்தால் 0.175 விநாடி; 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. மூன்று தடவை பழகவிட்டு, பிறகு 11 தடவை குறியுங்கள்.

அடுத்து, 100இலிருந்து ஏழு ஏழாகக் கழித்து வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பிடிக்கச் சொல்லுங்கள். 20 இருந்தது 27 ஆனால், சுமார் 0.03 விநாடி கூடுதல். நரம்புக்கும் தசைக்கும் ஆகும் நேரம் இரண்டு முறையும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே இரண்டாவது நேரத்திலிருந்து முதல் நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது, கவனம் பிளந்ததற்கான செலவு. இந்தக் கழித்தல்தான் டோண்டர்ஸின் அருமையான யோசனை.

கெடுவது எங்கே? ஒரே தாளத்தில் விட்டால் தங்கை முன்கூட்டியே ஊகித்துவிடுவாள்; 1 முதல் 5 விநாடிவரை மாற்றி மாற்றிக் காத்திருங்கள். 5 செ.மீ.க்குள் பிடித்தது ஊகம், தள்ளிவிடுங்கள். முழுக்க நழுவினால் 'முப்பதுக்கு மேல்' என்று குறியுங்கள். அதை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். சராசரி வேண்டாம், வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுங்கள். பழக்கத்தாலும் வேகம் கூடும். அதனால் தோழிகள் பலரை வைத்தும் செய்யுங்கள்; அவர்களில் பாதிப் பேருக்கு ஏழு ஏழாகக் கழிக்கும் சுற்றை முதலில் கொடுங்கள். இந்தக் கவனம்தான் இதை அறிவியல் ஆக்குகிறது.

கேள்வி: ராத்திரி பூரா தறி ஓடினாலும் எங்கப்புச்சி அசந்து தூங்கறாருங்க. கரண்ட் போய்த் தறி நின்னா மட்டும் பட்டுனு முழிச்சுக்கறாரு. ஏனுங்க?
– வாசகர், பல்லடம்

பதில்: மாறாமல் வரும் சத்தத்துக்கு மூளை மெல்ல மெல்லப் பதில் தருவதைக் குறைத்துக்கொள்ளும். ரஷ்ய அறிஞர் சோகொலோவ் தந்த விளக்கம்: மூளை அந்தச் சத்தத்தின் மாதிரி ஒன்றை நினைவில் வைத்திருக்கிறது, வருவது அதோடு ஒத்துப்போகும்வரை சும்மா இருக்கிறது, ஒத்துப்போகாவிட்டால் உசாராகிறது. சத்தம் நிற்பதும் ஒரு மாற்றம்தானே!

ஆனால் பழகியது மூளை, காது அல்ல. 85 டெசிபலுக்கு மேல் தினமும் 8 மணி நேரம் கேட்டால் செவித்திறன் குறையும். தறிக்கூடத்தில் நிற்பவர்கள் காதடைப்பான் போட்டே ஆக வேண்டும்.