97 சதவீதத்தின் அடியில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஆளுகையில் இருந்தும் அதன் மாநிலமாக இல்லாத பியூர்டோ ரிகோ தீவில் 2017 ஜூன் 11 அன்று நடந்த வாக்கெடுப்பில் 97 சதவீதம் பேர் அமெரிக்காவின் மாநிலமாக விரும்பினார்கள். வாக்களித்தவர்கள் 23 சதவீதம்தான் என்று சொல்லி அதை ஒதுக்குகிறார்கள். வராதவர்கள் தங்கள் உரிமையைத் தாங்களே விட்டவர்கள் அல்லவா? தேர்தலில் அப்படித்தானே கணக்கு?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தேர்தலில் வென்றவரை அடுத்த தேர்தலில் மாற்றலாம். மாநிலமாகச் சேர்ந்தபின் பிரிந்துவர வழி கிடையாது. தவிர, புதிய மாநிலத்தைச் சேர்க்கும் அதிகாரம் அமெரிக்க அரசியல் சாசனப்படி அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசுக்குத்தான். தீவின் வாக்கெடுப்பு அதைக் கட்டுப்படுத்தாது, நம்பவைக்க மட்டுமே முடியும்.

சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணிப் பாருங்கள். 2017இல் மாநில அந்தஸ்துக்கு விழுந்தவை 5 லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட வாக்குகள். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 22.6 லட்சம். மாநிலமாகாமல் அமெரிக்காவின் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் இப்போதைய 'காமன்வெல்த்' நிலையை ஆதரிக்கும் கட்சியும் சுதந்திரம் கேட்கும் கட்சியும் புறக்கணித்தன, உண்மை. ஆனால் 2012இல் நடந்த வாக்கெடுப்பில் இதே மாநில அந்தஸ்துக்கு 8,34,191 வாக்குகள் கிடைத்திருந்தன. எதிர்க்கட்சிகளின் புறக்கணிப்பு ஆதரவாளர்களை ஏன் குறைக்க வேண்டும்? அந்த 3.3 லட்சம் பேரில் சிலர் தீவைவிட்டே போயிருப்பார்கள். மற்றவர்களுக்கு, என் கணிப்பில், வாக்குச்சாவடிக்குப் போகக் காரணமில்லை: 2012இல் ஆளுநர் தேர்தலும் அதே நாளில் நடந்தது, 2017இல் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் எதிராளி களத்திலேயே இல்லாமல்.

2012இலும் கோளாறு உண்டு. முதல் கேள்வி, இப்போதைய நிலை தொடரலாமா என்பது. 54 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டாவது கேள்வியில் மாற்று வழிகள் மட்டுமே இருந்தன. காமன்வெல்த் கட்சி அதை நிரப்பாமல் போடச் சொன்னது. கிட்டத்தட்ட 5 லட்சம் சீட்டுகள் வெற்றாக வந்தன. அவற்றை நீக்கினால் மாநில அந்தஸ்துக்கு 61 சதவீதம், சேர்த்தால் 45க்கும் குறைவு. இரண்டு தரப்பும் தனக்கு வசதியான எண்ணைச் சொல்லி வருகிறது.

எனக்குக் கனமாகத் தெரிவது 2020தான். வேண்டும், வேண்டாம் என்று ஒரே கேள்வி, பொதுத்தேர்தல் நாளில். வேண்டும் 6,55,505, வேண்டாம் 5,92,671. வெறும் 52.5 சதவீதம்தான். ஆனால் மறுப்பவருக்கும் சீட்டில் இடம் இருந்தது, அவர் வந்து வாக்களித்துவிட்டும் போனார்.

இதற்காகக் குறைந்தபட்ச வருகை என்று சட்டம் போடச் சொல்லிவிடாதீர்கள். ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று 1979இல் நடந்த வாக்கெடுப்பில், பட்டியலில் உள்ளவர்களில் 40 சதவீதம் பேர் 'ஆம்' சொல்ல வேண்டும் என்று விதித்தார்கள். வாக்களித்தவர்களில் 51.6 சதவீதம் பேர் ஆம் என்றபோதும், மொத்தப் பட்டியலில் அது 32.9தான் என்பதால் தீர்மானம் செத்தது. வாக்களிக்க வராதவர் எல்லாரும் 'இல்லை' கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.

2024 வாக்கெடுப்பில் மறுபடியும் காமன்வெல்த் நிலை சீட்டில் இல்லை. மாநில அந்தஸ்துக்குப் பாதிக்கு மேல் என்ற செய்தியைப் படிக்கும்போது, வெற்றுச் சீட்டுகளைக் கழித்த கணக்கா, சேர்த்த கணக்கா என்று முதலில் பாருங்கள்.