பொது மைதானத்தில் கல்லூரி ஃபுட்பால்: கேளுங்கள், சொல்கிறேன்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம்) இரண்டு அணிக்கும் சொந்தமில்லாத மைதானத்தில் நடக்கும் ஆட்டங்கள் பற்றி வந்த கேள்விகள் இவை. யார் ஜெயிப்பார்கள், எவ்வளவு பந்தயம் கட்டலாம் என்று கேட்டவர்கள் வேறு ஆளைப் பாருங்கள்.

கே: ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் போக முடியும். எதற்குப் போகலாம்?

ப: அக்டோபரில் டாலஸ், காட்டன் போல் மைதானம், டெக்சஸ் – ஓக்லஹோமா. யோசிக்கவே வேண்டாம். சுமார் 92,000 இருக்கைகள். 50 யார்டு கோட்டுக்கு, அதாவது நடுக்கோட்டுக்கு, இந்தப் பக்கம் முழுக்க டெக்சஸின் செம்மஞ்சள், அந்தப் பக்கம் முழுக்க ஓக்லஹோமாவின் அடர்சிவப்பு. டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைக்கோட்டைத் தாண்டுவது) விழுந்தால் பாதி மைதானம் எழுந்து கத்தும், மீதிப் பாதி வாயடைத்து உட்கார்ந்திருக்கும். இரண்டு அணிகளும் ஒரே சுரங்கவழியாகத்தான் உள்ளே வர வேண்டும், உரசல் அங்கேயே ஆரம்பித்துவிடும். மைதானத்தைச் சுற்றி டெக்சஸ் மாநிலக் கண்காட்சி. காலையிலேயே போய், சோளமாவில் முக்கிப் பொரித்த கார்னி டாக் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்தோடு நகருங்கள். 1929 முதல் வருடம் தவறாமல் டாலஸில்தான் நடக்கிறது. டெக்சஸ் கல்லூரியின் ஊரான ஆஸ்டினிலிருந்தும் ஓக்லஹோமா கல்லூரியின் ஊரான நார்மனிலிருந்தும் டாலஸ் ஏறக்குறைய ஒரே தூரம். இதன் உயிரே அதில்தான் இருக்கிறது.

கே: பிரிஸ்டல் கார் ரேஸ் மைதானத்தில் நடந்ததுபோல் இன்னொன்று நடத்தினால் என்ன?

ப: 2016 செப்டம்பரில் டென்னசி – வர்ஜீனியா டெக். 1,56,990 பேர் வந்தார்கள், டென்னசி 45–24 என்று ஜெயித்தது. சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் கார் ஓடும் பாதைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, தலைக்கு மேலே தொங்கிய திரையைப் பார்ப்பதற்கு வீட்டு டிவியே மேல். இருக்கை எத்தனை என்று பார்க்காதீர்கள். பக்கக் கோட்டிலிருந்து முதல் வரிசை எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

கே: பேஸ்பால் மைதானங்களில் நெருக்கம் கிடைக்குமே?

ப: கிடைக்கும், அளவுக்கு மீறியே கிடைக்கும். 2010 நவம்பரில் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் நார்த்வெஸ்டர்னும் இல்லினாயும் ஆடின. எண்ட் சோன்களோடு (இரு முனைகளிலும் டச்டவுன் போடும் பகுதிகள்) சேர்த்து 120 யார்டு ஆடுகளத்தை உள்ளே திணித்ததில், கிழக்குப் பக்க எண்ட் சோன் செங்கல் சுவரில் முட்டி நின்றது. சுவரில் மெத்தை கட்டிப் பார்த்தார்கள், பயம் போகவில்லை. முந்தின நாள் முடிவெடுத்தார்கள்: பந்து எந்த அணியிடம் இருந்தாலும் மேற்கு நோக்கித்தான் ஆட வேண்டும்! அப்படியும் ஒரு நார்த்வெஸ்டர்ன் தடுப்பாட்டக்காரர் பந்தைப் பறித்துக்கொண்டு கிழக்கே ஓடி டச்டவுன் போட்டார். ஆட்டம் என்னவோ இல்லினாய்க்குத்தான், 48–27.

கே: அலபாமாவும் மிச்சிகனும் டெக்சஸின் ஆர்லிங்டன் கூரை மைதானத்தில் மோதினால்?

ப: 2012-லேயே மோதியாயிற்று. 41–14, அலபாமா.

கே: ஜார்ஜியா – ஃப்ளோரிடா பார்க்க 2026-ல் ஜாக்சன்வில்லுக்கு ரூம் போடலாமா?

ப: போடாதீர்கள். மைதானத்தில் சீரமைப்பு வேலை நடப்பதால் 2026-ல் அட்லாண்டா, 2027-ல் டாம்பா.

கே: மிச்சிகனின் சொந்த மைதானத்தில் லட்சம் பேருக்கு மேல் உட்காரலாமே, அங்கே பொது ஆட்டம் வைத்தால்?

ப: இருக்கைக் கணக்குக்குப் பிரிஸ்டல் கேள்வியிலேயே பதில் சொல்லிவிட்டேன். அதோடு, அது ஒரு கல்லூரியின் சொந்த வீடு. அப்புறம் பொது எங்கே வந்தது?

கே (அலபாமா மாநிலத்து பர்மிங்காமிலிருந்து): பொது மைதானமே ஏமாற்று. அலபாமா – ஆபர்ன் ஆட்டம் கல்லூரி மைதானங்களுக்குப் போன பிறகுதானே சூடுபிடித்தது?

ப: வாங்க, இதற்குத்தான் காத்திருந்தேன். 1948 முதல் 1988 வரை அந்த ஆட்டம் பர்மிங்காமின் லீஜியன் ஃபீல்டில் நடந்தது. பெயருக்குத்தான் பொது. ஒவ்வொரு சீசனிலும் அலபாமா தன் சொந்த ஆட்டங்கள் சிலவற்றையும் அங்கேயே ஆடிவந்தது. அலபாமா கல்லூரியின் ஊரான டஸ்கலூசா கூப்பிடு தூரம், ஆபர்ன் ஏறக்குறைய இரண்டு மடங்கு தொலைவு. 1989-ல் அலபாமா முதல்முறையாக ஆபர்ன் மண்ணில் கால் வைத்தது. அதுவரை அந்த சீசனில் தோல்வியே காணாத அணி, 30–20 என்று தோற்றது.

அவரே மறுபடியும்: டிக்கெட்டைப் பாதிப் பாதியாகத்தானே நெடுங்காலம் பிரித்தார்கள்?

ப: பிரித்தார்கள், சரி. டிக்கெட்டைப் பிரித்தால் மைதானப் பழக்கமும் பிரிந்துவிடுமா? பொது மைதானம் ஏமாற்று என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. லீஜியன் ஃபீல்டு பொது மைதானமே இல்லை என்றுதான் சொல்லலாம்.

இன்னொருவர்: டாலஸும் டெக்சஸ் மாநிலம்தானே, அது மட்டும் பொதுவா?

ப: மாநில எல்லைக் கோடு பந்தைப் பிடிக்காது. தூரத்தைப் பாருங்கள், யாருக்குப் பழகிய இடம் என்று பாருங்கள். இந்த விவாதத்தை இத்தோடு விட்டுவிடலாம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கே: அயர்லாந்தின் டப்ளினில் நடக்கும் ஆட்டம்?

ப: ஊர் சுற்றப் போகிறீர்கள் என்றால் தாராளமாக. 2022-ல் நெப்ராஸ்கா 28–17 என்று முன்னிலையில் இருந்தபோது வேண்டாத குட்டி உதை (பந்தைத் தாங்களே திரும்பப் பிடிக்கப் பார்க்கும் உதை) ஒன்றை உதைத்து, கடைசியில் நார்த்வெஸ்டர்னிடம் 31–28 என்று தோற்றது. அன்று கார்டு எந்திரங்கள் படுத்துவிட்டதால் பீர் இலவசம். நெப்ராஸ்காக்காரர்களுக்கு அது தேவையாகத்தான் இருந்திருக்கும்.

கே: ஆர்லிங்டன் பற்றி இன்னும் கொஞ்சம்...

ப: இல்லை.

கே: உங்கள் கனவு ஆட்டம் எது?

ப: நெப்ராஸ்கா – ஓக்லஹோமா, கன்சாஸ் சிட்டியின் ஏரோஹெட் மைதானம், நவம்பர் கடைசி. கூரை கிடையாது, சத்தமும் குளிரும் நிச்சயம். இரண்டும் பிக் 12 என்ற கல்லூரிக் கூட்டமைப்பில் இருந்தபோதே, 1990-களின் கடைசியில், இந்தப் பகை வருடாந்திரக் கணக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது; 2011-ல் நெப்ராஸ்கா பிக் டென் என்ற வேறு கூட்டமைப்புக்கே போய்விட்டது. 2006 டிசம்பரில் பிக் 12 இறுதி ஆட்டத்தில் இதே இரண்டு அணிகளும் ஏரோஹெட்டில் மோதின, ஓக்லஹோமா 21–7. நெப்ராஸ்கா கல்லூரியின் ஊரான லிங்கனிலிருந்து கன்சாஸ் சிட்டி பக்கம், நார்மன் ரொம்ப தூரம் என்று பர்மிங்காம்காரர் இப்போதே எழுத ஆரம்பித்திருப்பார். எழுதட்டும், இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் நான் தூரம் பார்ப்பதில்லை.