மட்டக்குதிரைக்குச் சொறி, கூட்டாளிகளுக்குக் கலக்கம்

கேள்வி: கொடைக்கானலில் சுற்றுலாப் பயணிகளின் சவாரிக்காக மூன்று மட்டக்குதிரைகளை வளர்த்து வருகிறேன். அவற்றில் ஒன்பது வயதான செவலைக் குதிரை, மார்கழி பிறந்ததிலிருந்து இரவெல்லாம் பின்னங்கால்களைத் தரையில் ஓங்கி உதைத்துக்கொண்டே இருக்கிறது. குளம்புக்கு மேலே முடி கொட்டி, தவிடு போலச் செதிலும் அதன் மேல் பொருக்கும் படிந்துள்ளன. பொறுக்க முடியாதபோது தன் காலைத் தானே கடிக்கிறது. எரிந்த இன்ஜின் ஆயிலைத் தடவச் சொல்கிறார் ஒருவர். மாட்டுக்குப் போடும் சொறி ஊசியைப் போடச் சொல்கிறார் மற்றொருவர். மருந்துக் கடையிலோ நாய்க்கான உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றக் கொடுத்தார்கள். மற்ற இரண்டுக்கும் தொற்றிவிடக் கூடாது என்று செவலையைப் பின்புறக் கொட்டகையில் தனியே கட்டினேன். அன்றிலிருந்து அவை இரண்டும் வேலியோரமாகவே ஓடி ஓடிக் கனைக்கின்றன, வியர்க்கின்றன, ஊறவைத்த கொள்ளைக் கூடத் தொடுவதில்லை. இவற்றோடு ஒரு வெள்ளாடும் மேய்கிறது. என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கொடைக்கானல்

பதில்: முதலில் செவலையை அதன் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுங்கள். ஒரே தறியில் கட்டி, ஒரே தேய்ப்பானால் தேய்த்து, ஒரே சேணத்துணியை மாற்றி மாற்றிப் போட்டு வளர்த்த குதிரைகளில், ஒன்றின் காலில் பொருக்கு கட்டும் அளவுக்கு, சொறியை உண்டாக்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணியான சிற்றுண்ணி பெருகியிருந்தால், மற்ற இரண்டின் மேலும் அது ஏற்கெனவே ஏறியிருக்கும் என்றே கொள்ள வேண்டும். வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் சிற்றுண்ணியைச் சுமக்கும் குதிரைகள் உண்டு. ஆகவே இப்போது பிரித்து வைப்பதால் தொற்று நிற்கப் போவதில்லை. மூன்று குதிரைகளுக்கும் வேதனைதான் கூடும். மூன்றுக்கும் ஒரே நாளில் சிகிச்சையைத் தொடங்கினால், பிரிக்க வேண்டிய தேவையே எழாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. காலின் உட்புறத்தில் நரம்பு ஓடுவதுபோல வரிசையாகக் கட்டிகள் எழும்பி, உடைந்து, தேன் நிறத்தில் நீர் வடிந்தாலோ, மூக்கில் கெட்டியான சளி ஒழுகினாலோ, அது சொறியன்று. கிளாண்டர்ஸ் என்னும் கொடிய நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கான 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். அந்த ஐயம் சிறிது எழுந்தாலும் குதிரையை உடனே தனிமைப்படுத்தி, கால்நடை மருத்துவரை அழைத்து, இரத்த மாதிரியைச் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். தாங்கள் எழுதியுள்ள செதிலும் கால் உதைப்பும் அந்த வகையைச் சேர்ந்தவையாகத் தெரியவில்லை.

குதிரைச் சொறியில், அரிப்பு எங்கே தொடங்கியது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். கணுக்காலுக்குக் கீழே தொடங்கி, குளிர்காலத்தில் முற்றி, இரவில் கால் உதைக்க வைப்பது பெரும்பாலும் கோரியாப்டிஸ் என்னும் சிற்றுண்ணி. அது தோலைத் துளைப்பதில்லை. மேலே உதிரும் செதிலைத் தின்று மேற்பரப்பிலேயே வாழ்கிறது. சார்காப்டிஸ் என்பதோ தோலுக்குள் சுரங்கம் தோண்டுவது. அது தலை, கழுத்து, தோள் ஆகிய இடங்களில் தொடங்கி உடலெங்கும் பரவும், பராமரிப்பவரின் முன்கையிலும் சில நாட்கள் அரிப்பை உண்டாக்கும். பிடரி மயிரின் அடியிலும் வாலின் அடியிலும் தொடங்குவது சோராப்டிஸாக இருக்கலாம். ஆனால் அதே இடங்களைப் பேனும் கொசு போன்ற சிறு கடிப்பூச்சிகளும் கூடப் பாழாக்கும். வாலை மட்டும் தேய்க்கும் குதிரைக்குக் குடற்புழுவே காரணமாக இருப்பதும் உண்டு.

தாங்களே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறேன். நண்பகல் வெயிலில் செவலையின் காலடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து, பொருக்கின் ஓரத்தை வன்மையான தூரிகையால் தேய்த்து, உதிரும் செதில் முழுவதும் அந்தத் தாளில் விழும்படி செய்யுங்கள். தாளை வெயிலில் சற்று நேரம் வைத்துவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால், அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வெளிர் புள்ளிகள் தூசிக்கு நடுவே மெல்ல ஊர்வது தெரியும். தெரிந்தால் ஐயமில்லை; தெரியாவிட்டால் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்தத் தாளை அப்படியே மடித்து உறையிலிட்டு மருத்துவரிடம் கொடுக்கலாம். அவர் பல இடங்களில் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். சார்காப்டிஸ் ஆழத்தில் ஒளிந்திருப்பதால், முதல் சுரண்டலில் அகப்படாமல் போவது வழக்கமே.

இனி, தங்களுக்குக் கிடைத்த மூன்று யோசனைகள். இன்ஜின் ஆயில் வெந்த தோலை மேலும் வேகவைக்கும். குதிரை தன் காலை நக்கும்போதும் கடிக்கும்போதும் அது வயிற்றுக்குள்ளும் போகும். மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி குதிரைக்கு உரியதன்று; ஊசி போட்ட தசையில் கடும் வீக்கமும், சில வேளைகளில் உயிரைப் பறிக்கும் தசை அழுகலும் உண்டாகியிருக்கின்றன. குதிரைகளுக்கென்று வாய்வழியே கொடுக்கும் பசை வடிவ மருந்து இருக்கும்போது அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? மூன்றாவதான நாய் மருந்துதான் எனக்குப் பெரும் அச்சத்தைத் தருகிறது. புட்டியின் அடையாளத்தாளில் அமிட்ராஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். நாய்க்கும் மாட்டுக்கும் நன்கு பயன்படும் அந்த மருந்து, குதிரையின் குடல் இயக்கத்தை நிறுத்தி, சாணம் இறுகி, வயிற்றுவலியால் சாகும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால், சாணம் போடுகிறதா, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறதா, படுத்துப் புரள்கிறதா என்று கவனித்து, சிறு மாறுதல் தெரிந்தாலும் 1962 என்ற கால்நடை அவசர எண்ணை அழையுங்கள்.

சிகிச்சையில் பெரும் பங்கு கைவேலைதான். காலில் அடர்ந்திருக்கும் முடியை முதலில் கத்தரித்துவிட வேண்டும். முடியின் அடியில்தான் ஈரமும் செதிலும் சேர்ந்து சிற்றுண்ணிக்கு வீடு கட்டிக் கொடுக்கின்றன. பொருக்கை நகத்தால் பிய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நெகிழ்த்தி எடுக்க வேண்டும். பின்னர் மருத்துவர் குறிக்கும் செலினியம் சல்பைடு ஷாம்பூவையோ சுண்ணாம்புக் கந்தகக் கரைசலையோ குளம்பின் விளிம்பிலிருந்து தொடை வரை பூச வேண்டும். ஷாம்பூவாக இருந்தால் நுரையைப் பத்து நிமிடமாவது விட்டுவிட்டுக் கழுவுவது அவசியம். பூசிய உடனே கழுவினால் அழுக்குத்தான் போகும், உண்ணி போகாது. ஃபிப்ரோனில் தெளிப்பானை மருத்துவர் பரிந்துரைத்தால், அதன் சீறல் ஒலிக்கே பல மட்டக்குதிரைகள் மிரளும் என்பதால், கையுறை அணிந்து, மருந்தைப் பஞ்சில் நனைத்துத் துடைப்பதே நல்லது. தங்கள் ஊர் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருப்பதால், கழுவும் வேலையை நண்பகல் வெயிலில் முடித்து, கால்களை நன்றாகத் துவட்டிவிட வேண்டும். ஈரக்காலுடன் பனியில் நின்றால் சொறி போய்ப் புண் வந்து சேரும்.

ஐவர்மெக்டின் பசை இரத்தத்தின் வழியாகச் செல்வதால், தோலைத் துளைக்கும் வகைகளுக்கு நன்கு பயன்படும். மேலேயே மேயும் கோரியாப்டிஸுக்கு அது மட்டும் போதாது. அளவு கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்பதால், எடையைக் கண்மதிப்பில் சொல்லாமல் அளந்தே சொல்லுங்கள். முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழக் கிலோ எடை கிடைக்கும். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் எடை சுமார் 215 கிலோ. மருந்து 43 மில்லிகிராம். வாயிலிருந்து துப்பிய பசையை லாயத்து நாய் நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாய் இனங்களுக்கு அது நஞ்சு.

முட்டையிலிருந்து முதிர்ந்த உண்ணியாகும் சுழற்சி ஏறத்தாழ மூன்று வாரம். முதல் கழுவலுக்குப் பின் அரிப்பு அடங்கியதைக் கண்டு நிறுத்திவிடுவதால்தான் பாதிப் பேருக்கு இது ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. மருத்துவர் சொன்ன இடைவெளியில், அந்தச் சுழற்சி முழுவதும் கடக்கும் வரை தொடர வேண்டும். கோரியாப்டிஸ் உடலை விட்டு விழுந்த பின்னும் ஏற்ற சூழலில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே பழைய வைக்கோல் படுக்கையை எரித்துவிட்டு, தறிக்கட்டையையும் கதவையும் தேய்த்துக் கழுவி, சேணத்துணியைக் கொதிநீரில் அலசி, தேய்ப்பான்களைக் குதிரைக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள். வெள்ளாட்டை மறந்துவிட வேண்டாம். இதே கோரியாப்டிஸ் ஆடு மாடுகளின் காலிலும் வாழும் என்பதால், அதற்கும் அதே நாளில் மருத்துவம் செய்யாவிட்டால் குதிரைகளின் சிகிச்சை வீணாகும்.

கூட்டாளிகளின் கலக்கத்துக்கு வருவோம். குதிரை கூட்டத்தை நம்பியே உயிர் பிழைத்த விலங்கு. கூட்டத்தில் ஒன்று மறைந்தால், எங்கோ ஆபத்து என்றே மற்றவை கொள்ளும். பிரான்சின் கமார்க் பகுதிக் குதிரைகளிடம் நடத்தி 1993-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, குதிரைகள் ஒன்றையொன்று கொறித்துச் சொறிந்துகொள்ளும் அந்தக் கழுத்தடி மேட்டைத் தேய்த்துவிட்டால் அவற்றின் இதயத் துடிப்பு குறைகிறது என்று காட்டியது. தங்கள் கையாலும் அதைச் செய்யலாம்: கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில், தட்டிக் கொடுக்காமல், விரல் நுனிகளால் அழுத்தித் தேய்த்து விடுங்கள். தட்டிக் கொடுப்பது நமக்குப் பிடித்தது. குதிரைக்குத் தேய்ப்பதே பிடிக்கும்.

செவலையைக் கழுவும்போது மற்ற இரண்டையும் அதன் கண்ணெதிரே, ஆனால் உதைக்கு எட்டாத தொலைவில் கட்டி, முன்னால் புல்லைப் போடுங்கள். அரிப்பால் எரிச்சலுற்ற குதிரை, நெருங்கி வரும் தோழனையும் உதைக்கும். அதைப் பகை என்று எண்ண வேண்டாம். மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழுவும் நாளில், மிகவும் மிரளுவதை முதலிலும் அமைதியானதைக் கடைசியிலும் எடுத்தால், காத்திருக்கும் கூட்டத்தில் எப்போதும் ஓர் அமைதியான தலை இருக்கும். என்றேனும் செவலையைப் பார்வைக்கு அப்பால் கொண்டு செல்ல நேர்ந்தால், மற்ற இரண்டையும் சேர்த்தே விடுங்கள். ஒன்றை மட்டும் தனியே விட்டால் வேலியைத் தாண்டும். ஓரிரு நிமிடம் அகற்றித் திரும்பக் கொண்டுவருவதில் தொடங்கி, நாள்தோறும் நேரத்தைச் சற்றே நீட்டினால், பிரிவு என்பது திரும்பி வருவதே என்று அவை பழகிக்கொள்ளும். கொள்ளைத் தொடாத குதிரை இரண்டாம் வேளையும் உண்ண மறுத்தால், அதை வெறும் ஏக்கம் என்று விட்டுவிடாமல் வயிற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

புண் ஆறும் வரை செவலைக்குச் சவாரி வேண்டாம். நோயுற்ற, புண்பட்ட விலங்கை வேலைக்கு ஈடுபடுத்துவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். அதற்கும் மேலாக, அரிக்கும் காலைத் திடீரென உதறும் குதிரையின் மேல் குழந்தையை ஏற்றக் கூடாது. சித்திரைக் கூட்டத்துக்கு இன்னும் காலம் இருக்கிறது. மருத்துவர் மறுபடி சுரண்டிப் பார்த்து உண்ணி இல்லை என்று சொன்ன பிறகு சேணத்தைப் போடலாம்.

கேள்வி: எங்கள் மட்டக்குதிரை பிடரியையும் வாலின் அடியையும் மட்டுமே தேய்க்கிறது, அந்தி நேரத்தில் அதிகம், குளிர்காலத்தில் இல்லவே இல்லை. உடன் மேயும் குதிரைக்கு ஒன்றுமில்லை. இதுவும் சிற்றுண்ணியா?
— வாசகி, உதகமண்டலம்

பதில்: தாங்கள் சொல்லும் காலமும் நேரமும் கியூலிக்காய்டிஸ் என்னும் மிகச் சிறிய கடிப்பூச்சியையே சுட்டுகின்றன. அதன் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள குதிரைக்கு மட்டுமே இந்த அரிப்பு வரும். அதனால்தான் உடன் மேய்வது நலமாக இருக்கிறது. விடியலிலும் அந்தியிலும் இரண்டையும் சேர்த்தே லாயத்துக்குள் கட்டி, ஒரு மின்விசிறியைச் சுழல விடுங்கள். காற்றை எதிர்த்துப் பறக்கும் வலிமை அந்தப் பூச்சிக்கு இல்லை. மேய்ச்சலைத் தேங்கிய நீரிலிருந்தும் சாணக் குவியலிலிருந்தும் தள்ளி வையுங்கள். குளிர்காலத்திலும் அரிப்பு தொடருமானால், முதல் வாசகருக்குச் சொன்ன கறுப்புத் தாள் சோதனையைப் பிடரி மயிரின் அடியில் செய்து பாருங்கள்.