1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போனால் எப்படி இருந்திருக்கும்?

முதலில் வேலைக்கு மட்டம் போட வேண்டியிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் ஆடும் ஆட்டம் பெரிய லீக்குகளில் 1935-ல்தான் வந்தது. அதுவரை எல்லாமே பகல் ஆட்டம். சரி, ஞாயிற்றுக்கிழமை போகலாமே என்றால், நியூயார்க்கில் 1919 வரை அதற்குச் சட்டம் இடம் தரவில்லை. வாரத்தில் ஆறு நாள் உழைத்தவர் எப்போதுதான் ஆட்டம் பார்ப்பது?

உள்ளே போனால் மரப்பலகை வரிசைகள். இரும்பும் கான்கிரீட்டுமாக அரங்கு கட்டுவது 1909-ல் பிலடெல்பியாவின் ஷைப் பார்க்கில்தான் தொடங்கியது. சட்டையில் எண் கிடையாது, மைக் கிடையாது. ஒருவர் மெகாஃபோனைப் பிடித்துக்கொண்டு பெயர்களைக் கத்துவார். ஸ்கோர் அட்டை வாங்காவிட்டால் யார் ஆடுகிறார் என்றே தெரியாது. பந்து உங்கள் மடியில் வந்து விழுந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். (இது ஒன்றுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.)

எனக்குப் பிடித்ததே கூட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவே வேலி இல்லாததுதான். இடம் போதாத நாளில் அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் தொலைவான பகுதியில், கயிறு கட்டி அதன் பின்னால் ஆட்களை நிற்க வைப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் குறுக்கே நடந்து வெளியே போவார்கள். இந்தப் பழக்கம் ஒரு கோப்பைக் கனவையே காவு வாங்கியது.

1908 செப்டம்பர் 23, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். ஜயன்ட்ஸும் சிகாகோ கப்ஸும் 1-1. கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ஜயன்ட்ஸ் அடிக்கிறார்கள், இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆள் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது. அடித்தவர் பேஸ் என்ற நிலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டு ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்தால் ஒரு ரன். முதல் பேஸில் 19 வயது ஃபிரெட் மெர்க்கில், மூன்றாவதில் மெக்கார்மிக். பிரிட்வெல் பந்தை அடித்தார், மெக்கார்மிக் ஓடி வந்து ரன் எடுத்தார், வெற்றி! ஜனம் திமுதிமுவென்று உள்ளே இறங்கியது. மெர்க்கில் இரண்டாவது பேஸைத் தொடாமலே பாதியில் திரும்பி உடைமாற்றும் அறையைப் பார்த்து ஓடினார். கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் தப்ப அன்றைக்குப் பலரும் செய்ததுதான் அது. கப்ஸின் ஜானி எவர்ஸ் மட்டும் விதியை மறக்கவில்லை: முதல் பேஸில் இருப்பவர் அடுத்த பேஸைத் தொடுவதற்குள் எதிரணி பந்தோடு அதைத் தொட்டுவிட்டால் அவர் அவுட்; அது மூன்றாவது அவுட் என்றால் ரன்னும் செல்லாது. எங்கிருந்தோ ஒரு பந்தை வாங்கி இரண்டாவது பேஸைத் தொட்டார். அது ஆட்டத்தில் இருந்த பந்துதானா என்று இன்றுவரை சண்டை. நடுவர் ஹாங்க் ஓடே மெர்க்கிலை அவுட் என்றார், ரன் செல்லாது. இருட்டிவிட்டது, களத்தில் கூட்டம் வேறு, ஆட்டம் சமன்.

சீசன் முடிவில் இரண்டு அணிகளும் சமமாக நின்றன. அக்டோபர் 8-ல் திரும்ப ஆடினார்கள். கப்ஸ் 4-2 என்று ஜெயித்து, அப்படியே இறுதிக் கோப்பையான உலகத் தொடரையும் தட்டிச் சென்றது. மெர்க்கிலுக்கு 'மண்டூகம்' என்ற மாதிரி ஒரு பட்டப்பெயர் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொண்டது. பாவம்!

கால இயந்திரம் கிடைத்தால் அந்த செப்டம்பர் 23-க்குத்தான் டிக்கெட் எடுப்பேன். எல்லாரும் மெக்கார்மிக்கைப் பார்க்கும்போது நான் இரண்டாவது பேஸையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பந்து எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.