ரத்தத்தை ஒரு வாரம் முன்பே கொடுங்கள்
வணக்கம் ஐயா. ஆண்டு உடற்பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்க, ரத்தத்தை அன்றே கொடுப்பதா முன்னரே கொடுப்பதா என்றும், சென்ற வாரம் வந்துபோன காய்ச்சல் முடிவுகளைப் பாதிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். மருத்துவரைச் சந்திப்பதற்கு ஒரு வாரம் முன்பு கொடுப்பதே நல்லது. முடிவுகள் கையில் இருந்தால்தான் அவர் அவற்றை உங்களோடு அமர்ந்து பேச முடியும். காய்ச்சல் கொழுப்பின் அளவையும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையையும் தற்காலிகமாக மாற்றக்கூடும் என்பதால், இடையில் கிடைக்கும் இரண்டு வாரமும் உங்களுக்குத் தேவையான அவகாசமே. முந்தைய இரவு உணவுக்குப் பின் 10 முதல் 12 மணி நேரம் தண்ணீர் மட்டும் குடியுங்கள். காலைக் காபியும் வேண்டாம். முடி வளர்ச்சிக்கென்று பயோட்டின் மாத்திரை எடுப்பவரானால், அது தைராய்டு முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், குறைந்தது 2 நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். ஆனால் மருத்துவர் எழுதித் தந்த ரத்த அழுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் ஒருவேளையும் விடாதீர்கள்.