பின்பக்கம் அமுங்கும் பிக்கப்புக்கு எந்த ஏர்பேக்?

கேள்வி: பட்டை ஸ்பிரிங் பிக்கப்பில் டிரெய்லர் கட்டி, மாங்காய் லோடுடன் தொப்பூர் கணவாய் வழியாகச் சேலம் போகிறேன். பின்பக்கம் அமுங்குகிறது. எந்த ஏர்பேக் போடலாம்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இங்கே ஏர்பேக் என்பது விபத்தில் விரியும் பை அல்ல, பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகப் பொருத்தும் காற்றுப் பை. அதில் சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் நடுவே நிற்கும் வகைதான் உங்களுக்கு. காயில் ஸ்பிரிங்குக்குள் நுழைக்கும் பை இதற்குப் பொருந்தாது.

வாங்குமுன் டிரெய்லர் மாட்டும் கொக்கியில் இறங்கும் எடையைப் பாருங்கள். டிரெய்லர் 1,000 கிலோ என்றால் 100 முதல் 150 கிலோ போதும். அதிகமென்றால் டிரெய்லரில் பெட்டிகளைப் பின்னே தள்ளி அடுக்குங்கள். அமுக்கம் ஓரளவு அங்கேயே குறையும். ஏர்பேக் உயரத்தைத்தான் மீட்கும், ஆர்.சி.யில் உள்ள எடை வரம்பைக் கூட்டாது. மீறி ஏற்றினால் பை உட்காரும் இடத்தில் சேஸிஸ் விரிசல் விடும்.

இரு பைக்கும் தனித்தனி காற்றுக் குழாய் கேளுங்கள். ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று மறுபக்கம் ஓடி வண்டி சாயும். சைலன்சர் குழாய் பையிலிருந்து அரையடியாவது தள்ளி இருக்கட்டும்.

காலி வண்டியின் பின் உயரத்தை அளந்து குறித்துவையுங்கள். லோடு ஏற்றியபின் 5 பிஎஸ்ஐயாகக் கூட்டி, அந்த அளவுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். காலியாக ஓடும்போதும் தயாரிப்பாளர் சொன்ன குறைந்தபட்சக் காற்று வேண்டும். வெறும் பை மடிந்து கிழியும்.

முக்கியமானது பிரேக். பல பிக்கப்புகளில் பின்பக்க உயரத்தை வைத்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. ஏர்பேக் பின்பக்கத்தைத் தூக்கியதும், லோடு இல்லை என்று அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். தொப்பூர் இறக்கத்தில் அது ஆபத்து. பொருத்திய அன்றே வால்வைச் சரிபார்த்து மாற்றியமைக்கச் சொல்லுங்கள். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவும் பாருங்கள்.